டாஸ்மேனியாவில் படிக்கப் போகும் மகளுக்கு அன்றாடம் எப்படி இருக்கும்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பி.எஸ்சி. வேளாண்மை முடித்துவிட்டாள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில், ஹோபார்ட் நகரத்தில், முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூலையில் வகுப்பு. "படத்துல பார்த்தா கடலும் மலையுமா சொர்க்கமாட்டத் தெரியுதுங்க. ஆனா அங்க போன புள்ளைக அன்னாடம் எப்படி இருக்காங்கன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. தனியா அனுப்பலாமுங்களா?" என்று எழுதியிருக்கிறார். அக்கா, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். அந்தத் தீவு அழகா என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்கள் பெண் அங்கே சளி பிடித்துப் படுத்தால் யார் பார்ப்பார்கள், கையிலிருக்கும் காசு எத்தனை நாள் தாங்கும், சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் பேச ஆள் இருக்குமா, இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பெருந்துறைக்காரி. 2012 ஜூலையில் இதே ஊருக்குப் படிக்கப் போனேன். படிப்பு இரண்டு வருடம், அப்புறம் வேலை ஐந்து வருடம். 2019இல் கோவைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து அங்கே போகிற பிள்ளைகளோடு வருடா வருடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதனால் குளிர், வீடு, பேருந்து, சாப்பாடு, தனிமை இதெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது. விசாக் கட்டணம், சம்பளம் மாதிரி எண்கள் அரசு அறிவித்தவை. அவை ஜூலைக்கு ஜூலை மாறும், பணம் கட்டும் முன் அரசின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். விசா கிடைக்குமா, படித்து முடித்தபின் அங்கேயே தங்க வழி உண்டா என்பதை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். அதைச் சொல்லும் தகுதி பதிவுபெற்ற குடியேற்ற முகவருக்கோ ஆஸ்திரேலிய வழக்கறிஞருக்கோதான் உண்டு. கல்லூரியில் ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்குகிறவர் வேறு, இவர்கள் வேறு. இந்த வித்தியாசத்தை நம் ஊரில் பலர் கவனிப்பதில்லை.

முதலில் ஊரின் அளவு. டாஸ்மேனியா பரப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. மக்கள்தொகையோ 2021 கணக்கெடுப்பில் சுமார் 5 இலட்சத்து 57 ஆயிரம். நம் ஈரோடு மாவட்டத்தில் மட்டும் 2011இலேயே 22 இலட்சத்துக்கு மேல். அதாவது ஈரோடு மாவட்டத்து மக்களில் கால்வாசிப் பேரை எடுத்துத் தமிழ்நாட்டில் பாதி நிலத்தில் பரப்பி வைத்தால் எப்படி இருக்கும்? ஹோபார்ட்தான் தலைநகரம், அதைச் சுற்றிச் சுமார் இரண்டரை இலட்சம் பேர். ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் தீவுக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர் கடல். விமானம் அல்லது கப்பல், வேறு வழியில்லை. உங்கள் மகள் பெரும்பாலும் கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மெல்போர்ன், அப்புறம் ஒன்றேகால் மணி நேரத்தில் ஹோபார்ட் என்று போய்ச் சேருவாள். தீவு என்பதன் அர்த்தம் அங்கே இருக்க இருக்கத்தான் புரியும். மெல்போர்னில் இருக்கிற தோழியை ஒரு சனி ஞாயிறு பார்த்துவரலாம் என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் வேலை என்றால் இந்தியத் துணைத் தூதரகம் மெல்போர்னில்தான். ஒரு வேலை போய்விட்டால் பக்கத்து ஊரில் இன்னொன்று தேடலாம் என்றால் அடுத்த பெரிய ஊரான லான்செஸ்டன் 200 கிலோமீட்டர் தள்ளி. ரயில் கிடையாது. பயணிகள் ரயிலை 1978இலேயே நிறுத்திவிட்டார்கள்.

படங்கள் எல்லாம் கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் எடுத்தவை. உங்கள் மகள் போய் இறங்கப் போவது ஜூலையில், அங்கே அது நடுக் குளிர்காலம். அதனால் ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை ஏழு மணிக்கும் இருட்டாகவே இருக்கும். போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்ட மனசு வராது. எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், ஒரு பழைய துணியால் அதைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் பத்து நாளில் சுவரோரம் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று காதை அறுக்கும். ஊருக்கு மேலே நிற்கிற அந்த மலை, குனான்யி என்றும் மவுண்ட் வெலிங்டன் என்றும் சொல்வார்கள், 1,271 மீட்டர் உயரம், உச்சியில் பனி வெள்ளையாகக் கிடக்கும். அதைப் பார்க்கிற ஐந்து நிமிடம் உண்மையிலேயே அழகு, நான் பொய் சொல்ல மாட்டேன். வகுப்பு முடிந்து நூலகத்தில் கொஞ்சம் உட்கார்ந்து நிமிர்ந்தால் மணி ஐந்தரை, வெளியே மறுபடி இருட்டு. பகல் மொத்தமே ஒன்பது மணி நேரம்தான். கடைத்தெருவில் சூப்பர்மார்க்கெட்டும் சில சாப்பாட்டுக் கடைகளும் தவிர ஆறு மணிக்கு எல்லாம் சாத்தியிருக்கும். கோபி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு இருக்கிற சத்தமும் வெளிச்சமும் அங்கே பகலில்கூட இருக்காது. அறைக்குப் போய் சோறு வைத்துச் சாப்பிட்டு, நாளைக்கு எழுதித் தர வேண்டியதை எழுதிவிட்டுப் படுத்தால் அன்றைய பொழுது போயிற்று. இப்படி ஒரு நாளை அவள் தாங்குவாள் என்றால் மற்ற நாளெல்லாம் தாங்குவாள்.

குளிர் என்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஊட்டியை நினைத்துக்கொள்கிறார்கள். ஜூலையில் ஹோபார்ட்டில் பகலில் 12 டிகிரி, இரவில் நான்கைந்து டிகிரி என்பதுதான் சராசரி. ராத்திரிக் குளிர் ஊட்டியின் ஜனவரி மாதிரிதான். ஆனால் ஊட்டியில் பகலில் வெயில் முதுகில் சுள்ளென்று அடிக்கும், ஒன்றிரண்டு நாளில் இறங்கியும் வந்துவிடுவோம். அங்கே மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை காற்றும் தூறலுமாக நிற்காமல் ஓடும். அதைவிடப் பெரிய விஷயம், வீட்டுக்கு உள்ளேயும் குளிரும். மாணவர்கள் பகிர்ந்து எடுக்கிற வீடுகள் பெரும்பாலும் பழைய பலகை வீடுகள், இடுக்கு வழியே காற்று வரும். ஹீட் பம்ப் என்று ஏசி மாதிரி ஒன்று ஹாலில் மட்டும் இருக்கும், படுக்கையறையில் இருக்காது. நாள் முழுக்க ஓட்டினால் கரண்ட் பில் வீட்டிலுள்ள நாலு பேருக்குள் சண்டையை மூட்டிவிடும்.

வீடு பார்ப்பதில் ஒன்றை மட்டும் உங்கள் மகள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறோம், அவர்கள் தெற்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறார்கள், அதனால் தலைகீழ். வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறைக்குள் குளிர்காலத்திலும் மத்தியானம் வெயில் இறங்கும், துணி காயும், பூஞ்சை குறையும். தெற்குப் பார்த்த அறையில் ஐந்து மாதம் ஒரு பொட்டு வெயில் விழாது. நான் முதல் வருடம் வாடகை மலிவு என்று தெற்குப் பார்த்த அறையை எடுத்து, ஆகஸ்ட் முழுக்க இருமிக்கொண்டே இருந்தேன். அடுத்த வருடம் வாரத்துக்குப் பத்து ஆஸ்திரேலிய டாலர் கூடக் கொடுத்து அதே தெருவில் வடக்கு ஜன்னல் அறைக்கு மாறினேன், இருமல் நின்றது. நம் ஊரில் வாஸ்து பார்த்து வாசலுக்குத் திசை கேட்கிற மாதிரி, அங்கே ஜன்னலுக்குத் திசை கேட்க வேண்டும்.

வாடகையை அங்கே வாரக்கணக்கில் சொல்வார்கள். நம் ஆட்கள் அதை நாலால் பெருக்கி மாதக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு 52 வாரம், நாலால் பெருக்கினால் 48 வாரத்துக்குத்தான் கணக்கு வரும். வாரம் 300 டாலர் என்றால் மாதம் 1,200 இல்லை, 1,300. வருடத்தில் 1,200 டாலர் துண்டு விழுந்துவிடும். முன்பணம், அங்கே பாண்ட் என்பார்கள், டாஸ்மேனியச் சட்டப்படி நாலு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அந்தப் பணமும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அதற்கென்று இருக்கிற அரசு அமைப்பில் கட்ட வேண்டும். "நேரா என் அக்கவுண்டுக்குப் போட்டுடுங்க, சாவியைக் கூரியர்ல அனுப்பறேன்" என்று எவராவது சொன்னால் அது ஏமாற்று. இந்தியாவில் இருந்துகொண்டே படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிப் பறிகொடுத்த பிள்ளைகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஹோபார்ட்டில் வாடகை வீட்டுக்குத் தட்டுப்பாடு உண்மை. 2011இல் மோனா என்ற பெரிய கலைக்கூடம் திறந்தபிறகு சுற்றுலா பெருகி, பல வீடுகள் நாள் வாடகைக்குப் போய்விட்டன. அதனால் அவசரம் வரும், அந்த அவசரத்தைத்தான் ஏமாற்றுக்காரன் பிடித்துக்கொள்கிறான். என் யோசனை: முதல் அரை வருடத்துக்குப் பல்கலைக்கழகத்தின் விடுதியிலேயே இடம் கேளுங்கள். வெளியே பகிர்வதைவிடக் கூடுதலாக ஆகலாம். ஆனால் ஊர் பழகும்வரை கரண்ட் பில், பூஞ்சை, கூட இருப்பவர் சண்டை என்று எதுவும் இல்லாமல் படிப்பைப் பார்க்கலாம்.

இனி காசு. மாணவர் விசாவுக்கு, ஒரு வருடச் சாப்பாடு தங்குமிடச் செலவுக்கு மட்டும் 29,710 டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்பது 2024 மே மாதம் முதல் உள்ள விதி. டாலருக்கு 55 ரூபாய் என்று வைத்தாலும் 16 இலட்சத்தைத் தாண்டுகிறது. படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேலே. விசா விண்ணப்பக் கட்டணமே 2025 ஜூலையில் 2,000 டாலராக உயர்ந்தது, விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. சிலர் இந்த 29,710ஐ வங்கியில் காட்டுவதற்கு மட்டும் கடன் வாங்கி வைத்துவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அக்கா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தொகை வெறும் கண்காட்சிக்குச் சொன்னது இல்லை, ஏறத்தாழ அவ்வளவு உண்மையிலேயே ஆகும்.

"பார்ட் டைம் பார்த்தே சமாளிச்சுக்கலாம்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சட்டம் சொல்வது இது: படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம், விடுமுறையில் வரம்பு இல்லை. 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலை முதல் மணிக்கு 24 டாலர் 95 சென்ட். நிரந்தரமில்லாமல் கூப்பிட்டபோது போகிற வேலையென்றால் அதற்கு மேல் 25 சதவீதம். காகிதத்தில் பார்த்தால் நல்ல காசு. என் அனுபவத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சின்ன ஊர், வேலை கொஞ்சம். கோடையில் சுற்றுலா ஆட்கள் வரும்போது ஓட்டல், கஃபே எல்லாம் ஆள் தேடும், ஜூலையில் இருக்கிற ஆளையே குறைக்கும். உங்கள் மகள் இறங்குவது சரியாக ஆள் குறைக்கிற நேரத்தில். எனக்கு முதல் வேலை கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. முதல் ஆறு மாதத்துக்கு வேலைக் காசு ஒரு ரூபாய்கூட வராது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வந்தால் நல்லது.

அந்த முதல் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு சாப்பாட்டுக் கடை. முதலாளி நம் நாட்டுக்காரர், "நம்ம புள்ளை" என்றுதான் கூப்பிடுவார். சட்டம் சொன்னதில் பாதிச் சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பார், ரசீது கிடையாது. கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வந்துவிடுமோ என்று பயந்து நாலு மாதம் வாயைத் திறக்காமல் பார்த்தேன். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, வெளிநாட்டு மாணவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் அங்கே ஒரே சம்பளச் சட்டம், குறைத்துக் கொடுத்தால் ஃபேர் வொர்க் என்ற அரசு அமைப்பிடம் முறையிடலாம் என்று. இறங்கிய வாரமே வரிக் கோப்பு எண் (நம் ஊர் பான் எண் மாதிரி) வாங்கிவிட வேண்டும், இலவசம்தான். சம்பளச் சீட்டு கொடுக்காத இடத்தில், எவ்வளவு பாசமாகப் பேசினாலும், வேலை செய்ய வேண்டாம். ஹுவான் பள்ளத்தாக்குப் பக்கம் கோடையில் செர்ரி, கோடை முடிகிற நேரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கிற வேலை இருக்கும். வேளாண்மை படிக்கிற பெண்ணுக்கு அது காசோடு பாடமும். அங்கேயும் சம்பளச் சீட்டைக் கேட்கத்தான் வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று தெரியும், ஆனால் அது உண்மையில் சுலபம். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, மசாலாப் பொடி எல்லாம் மூனா போன்ற புறநகர்களில் உள்ள இந்திய, நேபாளக் கடைகளில் கிடைக்கும். துருவிய தேங்காய் உறைய வைத்த பாக்கெட்டில் கிடைக்கும். கறிவேப்பிலைதான் தங்கம். பாலும் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் நம் ஊரில் கிடைப்பதைவிட அருமையாக இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். அரிசியும் பருப்பும் சோறு மட்டும் சரியாக வைக்கக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். ஒரே குக்கரில் முடிந்துவிடும், குளிருக்கு நெய் விட்டுச் சாப்பிட்டால் தேவாமிர்தம். எனக்கு வாரத்தில் நாலு நாள் ராத்திரி அதுதான். அதன் வாசனைக்கே கூட இருந்த சீனத்துப் பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஆனால் பெட்டியில் என்ன வைக்கிறீர்கள் என்பதில் கவனம். ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது ஒரு அட்டை நிரப்பச் சொல்வார்கள், சாப்பாட்டுச் சாமான் எது இருந்தாலும் அதில் "ஆம்" என்று போட்டுக் காட்டிவிட வேண்டும். காட்டினால் அதிகபட்சம் எடுத்து வீசுவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம், மாணவர் விசாவை ரத்து செய்யக்கூடச் சட்டத்தில் இடம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, வீட்டு நெய், பால்கோவா இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சாம்பார்பொடி என்று அரைத்த பொடிகளைச் சின்னப் பாக்கெட்டாகப் பெயர் எழுதிக் கொடுங்கள். இதோடு முடியாது. மெல்போர்னிலிருந்து ஹோபார்ட்டில் இறங்கும்போது மறுபடி ஒரு சோதனை, மோப்ப நாய் பெட்டிகளைச் சுற்றிவரும். மெல்போர்னில் வாங்கிய ஆப்பிளைக்கூடத் தீவுக்குள் விட மாட்டார்கள். பழ ஈ போன்ற பூச்சி உள்ளே வந்தால் அவர்கள் தோட்டம் போய்விடும் என்ற பயம். விவசாயக் குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

போக்குவரத்து பஸ்தான். பகலில் பரவாயில்லை. இருட்டியபின்னும் ஞாயிற்றுக்கிழமையும் மணிக்கு ஒன்று வந்தால் பெரிது. அதனால் வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு எப்படித் திரும்புவது என்றும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் இருக்கிற சாண்டி பேயில் வாடகை அதிகம், நடந்தே போகலாம். கிளெனோர்க்கியில் குறைவு, பஸ்ஸை நம்ப வேண்டும். யாராவது கார் வாங்கி நாலைந்து பேராகச் சுற்றப் போவார்கள். போகட்டும், ஆனால் அந்தி சாய்ந்தபின் ஊருக்கு வெளியே ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். வாலபி என்ற சின்னக் கங்காரு வகை கூட்டமாகச் சாலையில் பாயும்.

படிப்பில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது, இதைப் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே 50 எடுத்தால் தேர்ச்சி, 60க்கு மேல் நல்லது, 70க்கு மேல் மிக நல்லது, 80 தாண்டினால் அதுதான் உச்ச வகுப்பு. பிளஸ் டூவில் 95 வாங்கிய பெண் முதல் கட்டுரைக்கு 58 வாங்கிக்கொண்டு அழுவாள். நான் அழுதேன். வீட்டில் அதைக் கேட்டு "என்னடி இது" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். வகுப்பு நேரம் வாரத்தில் கொஞ்சம்தான் இருக்கும், மீதி முழுக்கத் தானே படித்துத் தானே எழுதுவது. புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதினால் நம் ஊரில் மார்க் போடுவார்கள், அங்கே அது திருட்டு, விசாரணை வரும். அந்த ஒரு விஷயத்தில் தடுக்கி விழுந்த நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி உங்கள் மகளின் பாடத்துக்கு அது நல்ல இடம். பல்கலைக்கழகமும் மாநில அரசும் சேர்ந்து நடத்துகிற டாஸ்மேனிய வேளாண்மை நிறுவனம் அங்கே இருக்கிறது. செர்ரி, ஆப்பிள், பால் பண்ணை, மருந்துக்காக அரசு அனுமதியோடு பயிரிடும் கசகசாச் செடி என்று நம் ஊரில் காணாத வேளாண்மையை வயலிலேயே பார்க்கலாம்.

உடம்பைப் பற்றி. வெளிநாட்டு மாணவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம், விசாவுக்கு முன்பே கட்டிவிட வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கு உடனே டாக்டரைப் பார்க்க முடியாது, நேரம் வாங்கிக் காத்திருக்க வேண்டும். பணத்தை முதலில் கொடுத்துவிட்டு ஒரு பகுதியைப் பிறகு திரும்பப் பெறுவோம். அவசரமென்றால் 000 எண், பெரிய ஆஸ்பத்திரி நகரின் நடுவிலேயே இருக்கிறது. சாதாரண மாணவர் காப்பீட்டில் பல் வைத்தியம் வராது, அங்கே பல் பிடுங்கக் கொடுக்கிற காசு மிக அதிகம். கிளம்பும் முன் கோபியிலேயே பல் டாக்டரிடம் காட்டிச் சரிசெய்து, கண்ணாடி போடுகிறவள் என்றால் இரண்டு ஜோடியாக வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். அது கடல். அங்குள்ள கடற்கரைகள் கோடையில் தெளிவாக, அலை சின்னதாக, ஆளே இல்லாமல் இருக்கும். நம் பிள்ளைகள் கொடிவேரியில் குளித்த தைரியத்தில் இறங்கிவிடுகிறார்கள். தண்ணீர் கோடையிலும் உறைய வைக்கும் குளிர், அடியில் இழுக்கிற நீரோட்டம் மேலே தெரியாது, காப்பாற்ற ஆள் நிற்கிற கடற்கரைகள் மிகக் குறைவு. ஆஸ்திரேலியா முழுக்க வெளிநாட்டு மாணவர்கள் இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடி நட்டிருக்கிற இடத்தில் மட்டும், அதுவும் இடுப்பளவுக்கு உள்ளே. நீச்சல் தெரிந்தாலும் இதுதான். மலைக்கும் இதே மாதிரி ஒன்று: குனான்யி மேல் கிளம்பும்போது வெயிலாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் பனி கொட்டும், கோடையிலும் நடந்திருக்கிறது. வெறும் டி-சர்ட்டோடு ஏறக் கூடாது.

மனிதர்கள். ராத்திரி தனியாக நடந்து வந்திருக்கிறேன், ஏழு வருடத்தில் என்னைத் தொட்டு யாரும் வம்பு செய்ததில்லை. இரண்டு தடவை ஓடுகிற காரிலிருந்து என் நிறத்தைச் சொல்லிக் கத்திவிட்டுப் போனார்கள். மனசு வலித்தது, மறைக்க மாட்டேன். அதே ஊரில்தான், காய்ச்சலோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்த என்னை ஓட்டுநர் நிறுத்தத்தைத் தாண்டி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். சின்ன ஊரின் குணம் இது. நூலகத்தில் இருக்கிற அம்மா, கடையில் பில் போடுகிற பையன் எல்லாரும் மூன்றாவது மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சிட்னியில் படித்த என் அத்தை மகளுக்கு இரண்டு வருடத்தில் அது கிடைக்கவில்லை. தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம்தான், ஆனால் பொங்கலுக்குக் கூடிவிடுவார்கள். அப்போது அங்கே நடுக்கோடை, ஒன்பது மணி வரை வெளிச்சம். நேபாளத்துப் பிள்ளைகள் நிறையப் பேர், அவர்கள் சாப்பாடும் பண்டிகையும் நமக்குப் பக்கம், என் கஷ்டத்தில் முதலில் நின்றவர்கள் அவர்கள்தான்.

தனிமை வரும் அக்கா, கட்டாயம் வரும். பெரும்பாலும் ஆகஸ்டில், போன புதுமை தீர்ந்து குளிர் தீராத நேரத்தில். அப்போது போனில் அவள் "திரும்பி வந்துடறேன்" என்று சொன்னால், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் அக்டோபர் வரை பொறுக்கச் சொல்லுங்கள். வசந்தம் வந்து பகல் நீளும்போது பெரும்பாலானவர்களுக்கு மனசு திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் இல்லை. என்னோடு போன ஒரு பெண்ணுக்கு வசந்தத்திலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இலவச மனநல ஆலோசகர் இருக்கிறார், அவரிடம் போய்ப் பேசி, கடைசியில் ஒரு பருவம் விடுப்பு எடுத்து ஊருக்கு வந்து, பிறகு போய் முடித்தாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேசுகிற நேரத்தையும் யோசித்து வையுங்கள். குளிர்காலத்தில் அவர்கள் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால், அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம். நீங்கள் சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு ஏழு மணிக்குக் கூப்பிட்டால் அவளுக்கு நடுராத்திரி நெருங்கியிருக்கும். இங்கே மத்தியானம் ஒன்றரை மணி, அங்கே ஆறு, அவள் இருட்டில் அறைக்குத் திரும்புகிற நேரம். அந்த நேரத்தில் ஒரு பத்து நிமிடம் பேசுங்கள்.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள். ஒரு வருடச் செலவு கடன் இல்லாமல் கையில் இருந்து, அவளே ஆசைப்பட்டுப் போகிறாள் என்றால் அனுப்புங்கள் என்பேன். நிலத்தை அடமானம் வைத்து, அங்கே வேலை பார்த்து அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் என்றால் இந்த வருடம் வேண்டாம். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: பல படிப்புகளுக்குப் பிப்ரவரியிலும் சேர்க்கை உண்டு. அவளுடையதற்கும் இருந்தால் இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். பிப்ரவரியில் இறங்கினால் கோடையின் கடைசி, வீடு தேடவும் வேலை தேடவும் வெளிச்சம் இருக்கும், குளிர் வருவதற்குள் நாலு பேர் பழக்கமாகியிருப்பார்கள். எனக்கு 2012இல் இதைச் சொல்ல ஆள் இல்லை.

ஜூலையிலேயே போவதென்றால் திருப்பூரில் நல்ல உள்பனியனும் கால்சட்டையும் ஐந்தாறு செட் வாங்கிக்கொள்ளுங்கள். கோட்டு இங்கே வாங்க வேண்டாம், அங்கே பழைய துணி விற்கிற தர்மக் கடைகளில் அந்தக் குளிருக்கென்றே தைத்தது மலிவாகக் கிடைக்கும். வாடகை விளம்பரம் ஏதாவது கண்ணில் பட்டால் பணம் அனுப்பும் முன் இங்கே போடுங்கள், எந்தத் தெரு, எந்தப் பக்கம் ஜன்னல், பஸ் வருமா என்று பார்த்துச் சொல்கிறேன்.